நிமிடம் அறுபது ரூபாய்

ஆகஸ்ட் நெருங்கினால் ஹைதராபாத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஏதாவது ஒரு வீட்டில் சூட்கேஸ் திறந்தே கிடக்கும். பிள்ளை எம்.எஸ். படிக்க அமெரிக்கா கிளம்புகிறது என்று அர்த்தம். ஊறுகாய், பருப்புப்பொடி, குக்கர் எல்லாம் கட்டி முடித்தபிறகு அப்பாக்கள் என்னிடம் வருவார்கள். "சார், ஃபோனுக்கு என்ன செய்யலாம்? செலவு கையைக் கடிக்கக் கூடாது." டெலிகாம்காரன் என்பதால் இந்தக் கேள்வி என் தலையில்தான் விழும் :-)

பதில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் முப்பது வருடக் கதை ஒன்று இருக்கிறது. அதை இன்று சொல்லிவிடுகிறேன்.

நான் திருநெல்வேலியிலிருந்து வேலைக்காக இங்கே வந்து இறங்கியது 1996இல். மாரேட்பள்ளியில் ஜாகை. அமெரிக்க விசா வேண்டுமென்றால் ஹைதராபாத்காரர்கள் சார்மினார் எக்ஸ்பிரஸ் பிடித்து நம்ம சென்னைக்குப் போகவேண்டும். இங்கே துணைத் தூதரகம் வந்தது 2008இல்தான். கிளம்புமுன் சில்கூர் பாலாஜிக்குப் பதினொரு சுற்று, விசா கிடைத்தால் நூற்றெட்டு. பையன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தபிறகுதான் ஃபோன் கவலை ஆரம்பம்.

அப்போது அமெரிக்காவுக்குப் பேச நிமிடத்துக்கு அறுபது ரூபாய்க்கு மேல். என் வீட்டு வாடகை 1,800. அரைமணி நேரம் பேசினால் ஒரு மாத வாடகை காலி! எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் முழுக் குடும்பமும் நெருக்கியடித்து நிற்கும். சிவப்பு எண்கள் ஓடுகிற மீட்டரின் மேல்தான் எல்லார் கண்ணும். ரிசீவர் முதலில் அப்பா கையில். ஃபீஸ் கட்டியாச்சா, மார்க் எவ்வளவு, பணம் இருக்கா. அடுத்து அண்ணன். கடைசி அரை நிமிடம் அம்மாவுக்கு. "சாப்டியாப்பா?" என்று கேட்பதற்குள், "போதும் வை, மீட்டர் ஓடுது" என்று குரல் வரும். ஒரு நிமிடத்தின் விலைதான், வீட்டில் யார் பேசலாம் என்பதையும் தீர்மானித்தது.

செலவே இல்லாத வழியும் இருந்தது. ஒரு ரிங் விட்டு வைத்தால் 'நலம்', இரண்டு என்றால் 'நீ கூப்பிடு'. தந்திக்குப் பதில் மிஸ்டு கால்.

ஏன் அவ்வளவு விலை? வெளிநாட்டு அழைப்புகள் முழுவதும் 1986இல் தொடங்கப்பட்ட வி.எஸ்.என்.எல். என்ற ஒரே அரசு நிறுவனத்தின் கையில் இருந்தன. உலக வழக்கம் இன்னொரு காரணம். ஒரு நாட்டிலிருந்து அழைப்பு கிளம்பினால், அந்த நாட்டு நிறுவனம் அழைப்பை வாங்கிக்கொள்ளும் நாட்டு நிறுவனத்துக்கு நிமிடக் கணக்கில் பணம் தரவேண்டும். இந்தியாவிலிருந்து போன அழைப்புகளைவிட இந்தியாவுக்கு வந்தவை மிக அதிகம். அதனால் டாலர் கொட்டியது. இந்த வருமானம் இருப்பதால்தான் உள்ளூர் அழைப்பையும் கிராமத்து ஃபோனையும் மலிவாகத் தரமுடிகிறது என்பது அரசு சொன்ன நியாயம். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் அந்தச் சுமையைத் தாங்கியவர்களில் கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்களும் உண்டு.

1997இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் ஒரு போடு போட்டது. இந்தியா போன்ற குறைந்த வருமான நாடுகளுக்கு நிமிடத்துக்கு 23 சென்ட்டுக்கு மேல் தரக்கூடாது, சில வருடங்களுக்குள் எல்லாரும் அந்த அளவுக்கு இறங்கிவர வேண்டும் என்றது. அடுத்த அடி இங்கேயே விழுந்தது. 2004 வரை நீடிக்க வேண்டிய வி.எஸ்.என்.எல். ஏகபோகத்தை அரசு 2002 மார்ச் 31உடன் முடித்தது. மறுநாளே இன்டர்நெட் வழியாகப் பேசுவதும் சட்டப்படி சரியானது. அதற்குப் பிறகு அமீர்பேட் நெட் கஃபேக்களில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு "ஹலோ, கேக்குதா?" என்று கத்திய அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடலுக்கு அடியிலும் ஒரு கூத்து நடந்தது. டாட்காம் மோகத்தில் அளவுக்கு மீறிக் கேபிள் போட்டவர்கள் திவாலானார்கள். 2002இல் மஞ்சள் கடுதாசி நீட்டிய ஃபிளாக் நிறுவனத்தை ரிலையன்ஸ் சுமார் 20.7 கோடி டாலருக்கு வளைத்தது. டைக்கோ 200 கோடி டாலருக்கு மேல் கொட்டிப் போட்ட கேபிள் வலையை, அதற்குள் டாடா கைக்குப் போயிருந்த வி.எஸ்.என்.எல். வெறும் 13 கோடிக்கு வாங்கியது. 2002இல் சென்னையையும் சிங்கப்பூரையும் 3,200 கிலோமீட்டர் கேபிள் ஒன்று இணைத்தது. 2000களின் நடுவில் அமெரிக்காவுக்கு நிமிடம் பத்து ரூபாய்க்குள் வந்துவிட்டது. யாரோ போட்ட முதலைத் தொலைத்ததில் நம் அம்மாக்களுக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் கிடைத்தது.

அந்தப் பக்கம் பிள்ளைகளுக்குக் காலிங் கார்டு. இந்திய மளிகைக் கடையில் வாங்கி, சுரண்டி, நீண்ட எண்ணை அமுக்கவேண்டும். அட்டையில் போட்டிருக்கும் நிமிடம் ஒன்று, கையில் கிடைப்பது வேறு. இந்த ஏமாற்றுக்காக 2008இல் அமெரிக்க அரசே சில கார்டு நிறுவனங்கள்மேல் வழக்குப் போட்டது. பிறகு ஸ்கைப் பரவலானது, 2015இல் வாட்ஸப் அழைப்பு வந்தது, 2016இல் ஜியோ. நிமிடத்துக்கு விலை என்ற பேச்சே போயிற்று.

அப்படியானால் இன்று கவலை எதற்கு? பேச்சு இலவசமாகிவிட்டது, நம்பருக்குத்தான் மதிப்பு கூடிவிட்டது. வங்கியின் ஓ.டி.பி. பெரும்பாலும் இந்திய நம்பருக்குத்தான் வருகிறது. தொண்ணூறு நாள் பயன்படுத்தாமல் விட்டால் அந்த நம்பர் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறு யாருக்காவது போய்விடலாம். ஆகவே நான் சொல்வது இதுதான்:

கிளம்புமுன் இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங்கை இயக்கிவிடுங்கள். டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பில்லைப் பார்த்து மயக்கம் வரும். இருப்பதிலேயே சிறிய ரீசார்ஜை விடாமல் போட்டு வாருங்கள். அங்கே போனதும் ப்ரீபெய்டு சிம் போதும். நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஃபேமிலி பிளான் எடுத்தால் இன்னும் மலிவு. என்.ஆர்.ஓ. கணக்கு வைத்திருந்தால், அமெரிக்க நம்பரிலேயே யு.பி.ஐ. பயன்படுத்த 2023இல் வழி திறந்திருக்கிறார்கள். உங்கள் வங்கியில் அது உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. பிள்ளையோடு வீடியோவில் பேசும் வசதி பல வீடுகளில் இன்னும் அப்பாவின் ஃபோனில் மட்டும்தான் இருக்கிறது. அம்மாவுக்குத் தனியாக ஒரு ஸ்மார்ட்ஃபோன் வாங்கிக் கொடுங்கள். எந்தப் பொத்தானை அமுக்கவேண்டும் என்று பிள்ளையே உட்கார்ந்து சொல்லித்தரட்டும். அந்த அரை நிமிடக் கணக்கில் அவர்களுக்கு நிறைய பாக்கி இருக்கிறது.