மாற்றியமைத்தது எது, புதிதாகச் செய்தது எது? என்ஃபீல்டும் இஷாப்பூரும்

லீ-என்ஃபீல்டு துப்பாக்கியைச் சேகரிப்போரிடம் ஒரு படிநிலை எழுதாத விதியாக நிலவுகிறது. இங்கிலாந்தின் என்ஃபீல்டு அரசு ஆலையில் செய்தது மூலம். வங்காளத்தின் இஷாப்பூரில் செய்தது நகல். இப்படிநிலையின் விளைவாகவே, இஷாப்பூரின் 2ஏ, 2ஏ1 துப்பாக்கிகள் 'பழைய .303 துப்பாக்கிகளுக்குப் புதிய குழல் பொருத்தி ஒப்பேற்றியவை' என்ற கூற்று நெடுங்காலமாக உலவி வருகிறது. இவ்விரு ஆலைகளின் வடிவமைப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால், உண்மை ஏறத்தாழ நேர்மாறானது என்பது புலப்படும்.

ஹூக்ளி ஆற்றங்கரையில், கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய வெடிமருந்து ஆலை இருந்த இடத்தில் 1904இல் நிறுவப்பட்டது இஷாப்பூர் துப்பாக்கி ஆலை. 1907இல் பிரிட்டிஷ் இராணுவம் ஏற்ற மார்க் 3 வடிவத்தை இவ்வாலையும் உருவாக்கியது. இரண்டும் ஒரே வரைபடத்திலிருந்து பிறந்தவை. ஆயினும் வேறுபாடுகள் உண்டு. என்ஃபீல்டு முத்திரையில் அரசரைக் குறிக்கும் ஜி.ஆர். என்ற எழுத்துகள் மட்டும், இஷாப்பூரில் ஜி.ஆர்.ஐ., அதாவது 'பேரரசர்' என்பதையும் சேர்த்து. குடியரசு மலர்ந்தபின் அம்முடியின் இடத்தில் அசோகச் சிங்கங்கள் அமர்ந்தன. இஷாப்பூர்த் துப்பாக்கிகள் பலவற்றில், முன்மரம் பிளவுபடாதிருக்கக் குறுக்கே ஒரு திருகு காணப்படும். சேகரிப்பாளர்கள் அதனை 'இஷாப்பூர்த் திருகு' என்றே அழைக்கின்றனர்.

உண்மையான சோதனை 1950களில் வந்தது. நேட்டோ நாடுகள் 7.62 மி.மீ. தோட்டாவைப் பொதுத்தரமாக ஏற்றன. .303 தோட்டாவின் அடியில் புடைத்த விளிம்பு உண்டு. புதிய தோட்டாவில் அது இல்லை. வெடிக்கும்போது உண்டாகும் அழுத்தமோ முன்னதைவிட அதிகம். ஆகவே தோட்டாப் பெட்டி, வெற்றுக்கூட்டைப் பற்றி இழுக்கும் கொக்கி, அழுத்தத்தைத் தாங்கும் உடற்பகுதி ஆகிய மூன்றையும் மறுபரிசீலனை செய்ய வேண்டியிருந்தது. இரு ஆலைகளின் முன்னும் இருந்தது ஒரே வினாதான்.

என்ஃபீல்டு அளித்த விடைகளுள் புகழ்பெற்றது, 1970இல் படையில் சேர்ந்த எல்42ஏ1 என்னும் தொலைகுறித் துப்பாக்கி. இரண்டாம் உலகப்போர்க் காலத்து நம்பர் 4 வகைத் தொலைகுறித் துப்பாக்கிகளின் உடற்பகுதியை எடுத்து, அதில் தடித்த 7.62 குழலைப் பொருத்தி, முன்மரத்தைக் குறுக்கி அது உருவாக்கப்பட்டது. நம்பர் 4இன் உடற்பகுதி மார்க் 3ஐவிட வலிமையானது என்பதால் அம்மாற்றம் எளிதாயிற்று.

இஷாப்பூரிடம் அந்த வசதி இல்லை. நம்பர் 4ஐ அது உற்பத்தி செய்ததே இல்லை. அதன் இயந்திரங்களும் கைத்திறனும் பழைய மார்க் 3 வடிவத்திற்கே பழகியவை. 1962 சீனப் போருக்குப் பின் துப்பாக்கிகள் விரைந்து தேவைப்பட்டன. எனவே வடிவத்தைப் பெரிதும் மாற்றாது, பொருளை மாற்றியது இஷாப்பூர். மேம்பட்ட எஃகில் உடற்பகுதியும் போல்ட்டும் புதிதாகவே செய்யப்பட்டன. தோட்டாப் பெட்டி சதுர வடிவம் பெற்றது. 10 தோட்டாக்களுக்குப் பதிலாக 12 கொண்டது. 2ஏவில் 2000 வரை இருந்த தொலைவு அளவுகோல், 2ஏ1இல் 800 ஆகச் சுருக்கப்பட்டது.

ஆகவே, பழைய உடலை மாற்றியமைத்தது என்ஃபீல்டு. புதிய உடலை வார்த்தெடுத்தது இஷாப்பூர். எனினும் 'ஒப்பேற்றியது' என்ற பழி பின்னதன் மீதே விழுந்தது. புறத்தோற்றம் பழையதாயிருப்பது ஒரு காரணம். இன்னொன்று, இஷாப்பூர் உண்மையிலேயே .303 துப்பாக்கிகளை மாற்றியமைத்த காலம் ஒன்று இருந்தமை. குடியேற்ற ஆட்சியில், காவலர்க்கென .410 துளையுள்ள, முறுக்கற்ற குழலுடைய துப்பாக்கிகள் அங்கே அவ்வாறு செய்யப்பட்டன. அவற்றின் தோட்டாப் பெட்டி மரக்கட்டையால் அடைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஒரே தோட்டாவை மட்டுமே இட இயலும். இந்தியக் காவலரின் கையிலிருக்கும் ஆயுதத்தின் ஆற்றலை வேண்டுமென்றே குறைத்த வடிவமைப்பு அது. ஆட்சியாளரின் அவநம்பிக்கை அம்மரக்கட்டையில் உருப்பெற்றிருந்தது.

2ஏவின் தோட்டாப் பெட்டியில் அடைப்பு இல்லை. மாறாக, மூலத்தைவிட இரண்டு தோட்டாக்கள் கூடுதல். இவ்விரு பெட்டிகளுக்கும் இடைப்பட்ட தொலைவே, பேரரசின் ஆலை குடியரசின் ஆலையாக மாறிய வரலாறு. மூலம், நகல் என்ற எளிய பிரிவினையை ஏற்று எழுதும் தொழில்நுட்ப வரலாறு, எஃகில் நிகழ்ந்த மாற்றத்தைக் காணாது முத்திரையை மட்டுமே வாசிக்கிறது. அருங்காட்சியகப் பலகைகளில் 'மாற்றியமைக்கப்பட்டது' என எழுதுமுன், பொருளையே சான்றாகக் கொண்டு ஆராய்வது ஆய்வாளரின் கடமை.