கடைசியாய் வந்து சேருற எஸ்

நான் இங்கிலாந்திலை முதன்முதல் வேலை செய்த குசினி நொரிச் எண்ட ஊரிலை. லண்டனிலையிருந்து வடகிழக்கை, ரயிலிலை இரண்டு மணித்தியாலம் வரும். அங்கை என்னோடை கோப்பை கழுவினவர் வயசுபோன ஒரு வெள்ளைக்காரர். அந்த ஊரிலையே பிறந்து வளர்ந்த மனிசன். ஒருநாள் பின்னேரம் ஷெஃப் எங்கை எண்டு கேட்டதுக்கு அவர் சொன்னார்: “ஹீ கோ ஹோம் அற் திறீ.”

எனக்குப் புளுகம் தாங்கேலாமல் போச்சு. ஏனெண்டால் அதுக்கு முதல் நாள்தான் இங்கிலீசு வகுப்பிலை ரீச்சர் என்ரை கொப்பியிலை “ஹீ கோ” எண்டு கிடந்ததுக்குச் சிவப்பு வட்டம் போட்டவ. “ஹீ கோஸ். எஸ்ஸை மறக்காதையுங்கோ” எண்டு ஆறுமாதமாய் அந்த மனிசி சொல்லிக் களைச்சுப் போனா. யாழ்ப்பாணத்திலை கம்பஸ் வரைக்கும் போய், நாட்டு நிலைமையாலை படிப்பை அரைவாசியிலை விட்டிட்டு வந்தவன் நான். ஒரு எஸ்ஸுக்காக முப்பது வயசிலை சிவப்பு மை வாங்கிறது எவ்வளவு வெக்கம் எண்டு அனுபவிச்ச ஆக்களுக்குத் தெரியும். இஞ்சை பார்த்தால் பரம்பரை வெள்ளைக்காரனே எஸ் போடாமல் கதைக்கிறான்!

நான் விட்டால் பிழை, அவர் விட்டால் என்ன? இதைத் தேடிக் கொஞ்சம் கொஞ்சமாய் வாசிக்கத் தொடங்கினன். வாசிச்சதைத்தான் இதிலை எழுதுறன். ஆனால் அதுக்கு முதல் என்ரை சொந்தக் கதை ஒண்டு இருக்கு.

எங்கடை பள்ளிக்கூடத்திலை இங்கிலீசு எப்பிடிப் படிப்பிச்சவை எண்டு ஞாபகம் இருக்கோ? “ஐ கோ - நான் போகிறேன். ஹீ கோஸ் - அவன் போகிறான்.” அட்டவணை போட்டுப் பாடமாக்கினனாங்கள். இதுதான் நிகழ்காலம் எண்டு சொல்லித்தந்தவை. வெளிநாட்டுக்கு வந்த பிறகுதான் தெரிஞ்சது, கடைக்கு வெளிக்கிடேக்கை “ஐ கோ” எண்டு சொன்னால் ஒருத்தரும் அப்பிடிச் சொல்லுறேல்லை எண்டு. இப்ப போறன் எண்டால் “ஐ ஆம் கோயிங்”. “ஐ கோ” எண்டது இப்ப நடக்கிற விசயமில்லை, வழக்கமாய் நடக்கிற விசயம். பேர்தான் நிகழ்காலம், வேலை பழக்கத்தைச் சொல்லுறது.

இதிலை பெரிய பகிடி என்னெண்டால், எங்கடை யாழ்ப்பாணத்துப் பேச்சிலை இதுக்கெண்டே தனிச் சொல்லு இருக்கு. “நான் போறன்” எண்டால் இப்ப போறன். “நான் போறனான்” எண்டால் வழக்கமாய்ப் போறது. “அவர் போறார்”, “அவர் போறவர்” - இரண்டுக்கும் வித்தியாசம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். “ஐ ஆம் கோயிங் எண்டால் போறன், ஐ கோ எண்டால் போறனான்” எண்டு எங்களுக்கு ஒரு வாத்தியார் சொல்லியிருந்தால் ஒரு நிமிசத்திலை விளங்கியிருக்கும். ஆனால் “போறனான்” வீட்டுப் பேச்சு. பள்ளிக்கூடத் தமிழிலை அதுக்கு இடமில்லை. நன்னூல் சொல்லுற கிறு, கின்று, ஆநின்று மட்டும்தான் எங்களுக்கு நிகழ்காலம். கையிலை வைச்சிருந்த திறப்பைத் தெரியாமல் பூட்டை உடைச்சுக்கொண்டிருந்தம்.

இது வெறும் இலக்கணக் கதை இல்லை. எனக்கு இரண்டு வருசம் போனது இதாலைதான்.

2008ஆம் ஆண்டு என்ரை அகதி விண்ணப்பத்துக்கு விசாரணை நடந்தது. ஊரிலை உங்கடை வீட்டிலை என்ன நடந்தது எண்டு கேட்டவை. நான் எங்கடை பாசையிலை சொன்னன்: “ஆமிக்காரர் விடியப்புறம் வருவாங்கள். நாய் குலைக்கும். எல்லாரையும் முத்தத்திலை இருத்துவாங்கள். பெடியளை விசாரிப்பாங்கள்.” அந்த நாளையிலை அடிக்கடி அப்பிடி நடந்தது எண்டதுதான் நான் சொன்னது. தமிழிலை பழைய காலத்து வழக்கத்தைச் சொல்ல எதிர்காலச் சொல்லைப் பாவிக்கிறது எங்களுக்கு மூச்சு விடுற மாதிரி. “அப்பு காலமை தோட்டத்துக்குப் போவார்” எண்டால், அப்பு செத்து இருபது வருசமாய் இருக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் அதை “தே வில் கம்” எண்டு சொன்னார். இனி வருவாங்கள் எண்டு. எழுதினவர் அதையே எழுதினார். நிராகரிப்புக் கடிதத்திலை என்ன இருந்தது எண்டு நினைக்கிறியள்? முதல் வாக்குமூலத்திலை ஆமி வந்தது எண்டு சொன்னவர், விசாரணையிலை இனி வரும் எண்டு சொல்லுறார், ஆனபடியால் முன்னுக்குப் பின் முரண். அப்பீலிலை வேறை மொழிபெயர்ப்பாளர் வந்து, தமிழிலை இது பழைய வழக்கத்தைச் சொல்லுற முறை எண்டு விளங்கப்படுத்தின பிறகுதான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. அவர் போட்ட சொல்லு “தே வுட் கம்”. யோசிச்சுப் பாருங்கோ, அந்த “வுட்” எண்டதும் “வில்” எண்டதின்ரை இறந்தகாலம்தான். இங்கிலீசும் எங்களைப்போலத்தான் செய்யுது. ஆனால் அதை அறிஞ்ச ஆள் அந்த மேசையிலை இருக்கவேணுமே.

சரி, கோப்பை கழுவின கிழவரிட்டை வருவம்.

1565ஆம் ஆண்டு நொரிச்சிலை நெசவுத் தொழில் படுத்துப்போச்சு. அதாலை ஊர்ப் பெரியாக்கள் முதலாம் எலிசபெத் மகாராணியிட்டை அனுமதி எடுத்து, இப்பத்தைய பெல்ஜியம், ஒல்லாந்துப் பக்கத்திலையிருந்து 30 நெசவாளர் குடும்பங்களைக் கூப்பிட்டவை. ஸ்பெயின்காரரின்ரை ஆட்சியிலை மதத்துக்காகத் துன்பப்பட்டுக்கொண்டிருந்த சனம். ஊர்க்காரர் அவைக்கு வைச்ச பேர் “ஸ்ட்றேஞ்சர்ஸ்”, அந்நியர். முப்பது குடும்பமாய்த் தொடங்கினது, 1579 அளவிலை ஏறக்குறைய 6,000 பேர். அப்ப முழு ஊரின்ரை சனத்தொகையே 16,000 அளவுதான். மூண்டு பேருக்கு ஒருத்தர் அகதி! எல்லாரும் மாலை போட்டு வரவேற்கேல்லை. 1570இலை இவையைத் துரத்துறதுக்கு ஒரு சதி நடந்து, பிடிபட்ட சிலரைத் தூக்கிலை போட்டவை. ஆனால் நெசவு திரும்பவும் எழும்பினது இவையாலைதான். இவை கூட்டிலை வளர்த்த கனேரிக் குருவியாலைதான் நொரிச் உதைபந்தாட்டக் குழுவுக்கு இண்டைக்கும் அந்தப் பேர்.

இந்த ஆறாயிரம் பேரும் சந்தையிலும் தறியடியிலும் இங்கிலீசு பழகின நேரம் பார்த்து, இங்கிலீசுக்குள்ளேயே ஒரு இழுபறி நடந்துகொண்டிருந்தது. தெற்குப் பக்கத்துப் பழைய முடிவு “-எத்”, அதாவது “ஹீ கோஎத்”. வடக்கிலையிருந்து இறங்கி வந்த புது முடிவு “-எஸ்”. பத்தாம் நூற்றாண்டிலை வடக்கிலை எழுதின லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூலின்ரை உரையிலேயே அந்த எஸ் இருக்கு. ஷேக்ஸ்பியர் இரண்டையும் கலந்து எழுதினவர். 1611இலை வந்த ஜேம்ஸ் அரசரின்ரை பைபிள் பழைய “-எத்”தையே பிடிச்சுக்கொண்டு நிண்டது. ஆக, இண்டைக்கு ரீச்சர் எனக்குக் கட்டாயம் எண்டு சொல்லுற எஸ், அண்டைக்கு லண்டனிலை வடக்கத்தியான் கொண்டுவந்த புதுப்பழக்கம்.

பீற்றர் ட்ரட்ஜில் எண்டு நொரிச்சிலையே பிறந்த மொழியியல் பேராசிரியர் ஒருத்தர் இருக்கிறார். அவர் 1968இலை அந்த ஊரிலை 60 பேரின்ரை பேச்சைப் பதிவு செய்து ஆராய்ஞ்சு, 1974இலை புத்தகமாய்ப் போட்டவர். அடிமட்டத் தொழிலாளர் நூற்றுக்கு 97 தரம் எஸ் இல்லாமல் கதைச்சினம். நடுத்தர வர்க்கத்தின்ரை மேல்தட்டிலை ஒருத்தரும் எஸ்ஸை விடேல்லை. ஏன் நொரிச்சிலை இப்பிடி எண்ட கேள்விக்கு அவர் பிறகு சொன்ன விளக்கம்தான் என்னை உலுப்பிப் போட்டது. “-எத்”தும் “-எஸ்”சும் சண்டை பிடிச்ச நேரத்திலை, இரண்டையும் போடாமல் கதைக்கிற ஆயிரக்கணக்கான அகதியள் ஊருக்குள்ளை இருந்தவை. மூண்டு வழக்குப் போட்டியிட்டு அந்த ஊரிலை வெண்டது அகதியின்ரை வழக்கு. இதை ஏற்காத அறிஞரும் இருக்கினம், ஆனால் அவற்றை வாதம் லேசிலை தள்ளிவிடக்கூடியதில்லை.

அப்ப, என்ரை பக்கத்திலை நிண்டு கோப்பை கழுவின அந்த “சுத்த” வெள்ளைக்காரன் கதைச்சது, நானூறு வருசத்துக்கு முந்தி வந்து இறங்கின ஒரு அகதியின்ரை பிழையாய் இருக்கலாம்! அவரிட்டை இதைச் சொன்னன். “மை கிறாண்ட்ஃபாதர் ஸே தற் ரூ” எண்டார். அதிலும் எஸ் இல்லை.

லண்டனிலும் இதே கதைதான். 1580களிலை பிரான்சிலையிருந்து மதக் கலவரத்துக்குத் தப்பி வந்த சனம் நிறைஞ்சிருந்தது. ஜாக் பெலோ எண்ட வாத்தியார், தானும் பிரான்சிலையிருந்து வந்தவர், 1586இலை அவைக்கெண்டு ஒரு உரையாடல் புத்தகம் போட்டார். காலமை எழும்புறது, பள்ளிக்கூடம் போறது, சந்தையிலை விலை கேக்கிறது, சாப்பிடுறது. ஒரு பக்கம் இங்கிலீசு, ஒரு பக்கம் பிரெஞ்சு, இன்னொண்டிலை அந்த இங்கிலீசையே பிரெஞ்சுக்காரன் உச்சரிக்கிற மாதிரி எழுத்துக்கூட்டி. நாங்கள் கொப்பியிலை “ஹவ் மச்” எண்டு தமிழிலை எழுதி வைச்சுக்கொண்டு கடைக்குப் போன அதே கூத்து. பாருங்கோ, எல்லாம் அன்றாட வழக்கம், எல்லாம் “போறனான், வாறனான்”. அதே 1586இலைதான் வில்லியம் புல்லோக்கர் எண்டவர் இங்கிலீசுக்கு முதலாவது அச்சு இலக்கணம் போட்டார், லத்தீன் அட்டவணையைப் பார்த்து. ஒரே வருசத்திலை இரண்டு பாதை: ஒண்டு சந்தைக்கு, மற்றது அட்டவணைக்கு. எங்கடை பள்ளிக்கூடங்களுக்கு வந்து சேர்ந்தது இரண்டாவது.

அட்டவணை உதவாது எண்டு கண்ட ஆக்களும் இருந்தவை. பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா குவேன் ஜேர்மன் படிக்கிறதுக்கு ஹம்பேர்க் போய், இலக்கணத்தையும் அகராதியையும் முழுக்கப் பாடமாக்கியும் ஒரு வசனம் விளங்காமல் திரும்பினவர். வீட்டை வந்து பார்த்தால் சின்ன மருமகன், மா அரைக்கிற ஆலையைப் பார்த்திட்டு வந்து, மூட்டையை நிரப்புறது, சுமக்கிறது, கொட்டுறது எண்டு ஒழுங்காய்ச் சொல்லிச் சொல்லி விளையாடுறான். அதிலையிருந்து 1880இலை ஒரு முறையை எழுதினார். கதவுக்குக் கிட்டப் போறன், பிடியைப் பிடிக்கிறன், திருப்புறன், திறக்கிறன் எண்டு செய்துகொண்டே சொல்லுறது. எங்கடை ஷெஃப் புது ஆளுக்கு வேலை பழக்கிறதும் இப்பிடித்தான். வெங்காயத்தை வெட்டிறன், எண்ணெயிலை போடுறன். அந்த இடத்திலை மட்டும் இங்கிலீசும் செய்துகொண்டே “ஐ கட், ஐ புட்” எண்டு சொல்லும்.

கடைசியாய் ஒரு ஆறுதல். அமெரிக்காவிலை றொஜர் பிறவுண் எண்டவர் மூண்டு பிள்ளையள் தாய்மொழி பழகிறதை வருசக்கணக்காய்ப் பார்த்து 1973இலை எழுதினார். “-இங்” முதலே வந்திடும். “ஹீ கோஸ்” எஸ் கனகாலம் பிந்தித்தான் வரும். அடுத்த வருசம் டுலே, பேர்ட் எண்ட இரண்டு பேர் ஸ்பானிஷ் பிள்ளையளையும் சீனப் பிள்ளையளையும் சோதிச்சால், தாய்மொழி வேறையாய் இருந்தும் ஒழுங்கு கிட்டத்தட்ட ஒண்டுதான். எஸ் அங்கையும் பின்வரிசையிலைதான். புத்தகத்திலை இரண்டாம் பாடத்திலை வாறது, மனிசனின்ரை வாயிலை கடைசியாய்த்தான் வரும். அது மொக்கன் எண்டதுக்கு அடையாளமில்லை.

இப்ப ஞாயிற்றுக்கிழமையிலை புதுசாய் வந்த இரண்டு மூண்டு பேருக்கு வீட்டிலை இங்கிலீசு சொல்லிக்குடுக்கிறன். போறன், போறனானிலையிருந்துதான் தொடக்கம். விசாரணைக்குப் போற ஆளுக்கு ஒண்டு கட்டாயம் சொல்லுவன்: ஊரிலை நடந்ததைச் சொல்லேக்கை “வருவாங்கள், அடிப்பாங்கள்” எண்டு சொல்லாதையுங்கோ. “வந்தவங்கள், அடிச்சவங்கள், அடிக்கடி நடந்தது” எண்டு சொல்லுங்கோ. முடிஞ்சால் ஆண்டும் மாதமும் சொல்லுங்கோ. வாசிக்கிற நீங்களும் தெரிஞ்ச ஆக்களுக்குச் சொல்லிவிடுங்கோ.

போன மாதம் ஒரு பெடியனிட்டை குடும்பத்தைப் பற்றி ஐஞ்சு வசனம் எழுதச் சொன்னன். “மை மதர் லிவ் இன் முல்லைத்தீவு” எண்டு எழுதினான். எஸ் இல்லை, நான் ஒண்டும் சொல்லேல்லை. தமையனின்ரை வசனத்துக்கு வந்ததும் பேனையை வைச்சிட்டான். தமையன் 2009 மே மாதம் வட்டுவாகலிலை ஆமியிட்டைப் போனதைத் தாய் கண்ணாலை கண்டவ. அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

“அண்ணை, இதுக்கு லிவ்ஸ் எண்டு போடுறதோ, லிவ்ட் எண்டு போடுறதோ?”

இலக்கணத்திலை இதுக்குப் பதில் இல்லை. உங்கடை அம்மா வீட்டிலை எப்பிடிச் சொல்லுறவ எண்டு கேட்டன். “இருக்கிறான் எண்டுதான் சொல்லுறவ” எண்டான்.

அப்ப லிவ்ஸ் எண்டு எழுது எண்டன். அந்த ஒரு வசனத்திலை மட்டும் எஸ்ஸை விடாமல் போடச் சொன்னன்.