பக்கிகளை இனம் காணல்

பக்கி என்பது அந்தியிலும் இரவிலும் பறந்து பூச்சிகளைப் பிடித்துண்ணும் பறவை ஆகும். இது காப்ரிமுல்கிடே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆட்டின் மடியில் பால் குடிப்பதாக ஐரோப்பாவில் நிலவிய தவறான நம்பிக்கையால், 'ஆட்டில் பால் கறப்பது' எனப் பொருள்படும் இலத்தீன் பெயர் இதற்கு ஏற்பட்டது. செங்கல்பட்டு மாவட்டத்தின் புதர்க்காடுகள், தரிசு நிலங்கள், மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான வெளிகள் போன்ற நிலங்களே பக்கிகளுக்கு ஏற்ற வாழிடங்கள்.

பொது அமைப்பு

பக்கியின் அலகு சிறியது. வாயோ மிக அகன்றது. வாயைச் சுற்றி விறைத்த மயிர் போன்ற இறகுகள் உள்ளன. உடல் நிறம் சருகையும் மண்ணையும் ஒத்திருப்பதால் பகலில் தரையில் அமர்ந்திருக்கும் பறவை கண்ணுக்குத் தென்படுவதில்லை. பூச்சிகளை உண்ணும் புள்ளி ஆந்தை கிளையில் நிமிர்ந்து அமரும். பக்கியோ உடலைத் தாழ்த்திப் படிந்து அமரும்.

இனங்களுக்கிடையே வேறுபாடுகள்

சிறு பக்கி (காப்ரிமுல்கசு ஏசியாடிகசு): நீளம் சுமார் 24 செ.மீ. பிடரியில் வெளிர்செம்மஞ்சள் பட்டை உண்டு. 'சக்-சக்-சக்-சக்ர்ர்ர்' என ஒலிக்கும். கோலிக்குண்டு ஒன்று தரையில் விழுந்து வரவர விரைவாகத் துள்ளி அடங்குவது போல அக்குரல் இருக்கும்.

ஜெர்டன் பக்கி (காப்ரிமுல்கசு ஏட்ரிபென்னிசு): சிறு பக்கியை விடப் பெரியது, வால் நீண்டது. தொண்டையில் பெரிய வெண்திட்டு உண்டு. மரங்கள் மிகுந்த இடங்களை விரும்பும். 'ச்-வூ-வூ' என அதிர்வுடன் ஒலிக்கும். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் தாமசு ஜெர்டன் 1845 இல் இதனை விவரித்தார்.

புல்வெளிப் பக்கி (காப்ரிமுல்கசு அஃபினிசு): திறந்த வெளிகளில் வாழ்வது. உச்சந்தலையில் தெளிவான கோடுகள் இல்லை. ஆண் பறவையின் வெளிவால் இறகுகள் பெரும்பாலும் வெண்மையானவை. 'டீட்' என்று கூர்மையாகக் குரலெழுப்பும்.

குரலின் முக்கியத்துவம்

மங்கிய ஒளியில் நிறத்தையோ வால் புள்ளியையோ தெளிவாகக் காண இயலாது. பெண் பறவைகளில் வெண்திட்டுகள் மங்கலாகவும் இருக்கலாம். ஆகவே குரலே நம்பத்தக்க அடையாளமாகும். குரல் கேட்காத நிலையில் 'பக்கி' என்று மட்டும் பதிவு செய்வதே முறையாகும்.

பாதுகாப்பு

இம்மூன்றும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தால் தீவாய்ப்புக் கவலை குறைந்த இனங்களாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. எனினும், பக்கிகள் கூடு கட்டாமல் வெறுந்தரையிலேயே பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடுவதால், தரிசு எனக் கருதப்படும் நிலம் மனைகளாக மாறும்போது இனப்பெருக்க இடத்தை இழக்கின்றன. இரவில் சாலைகளில் அமரும் பழக்கத்தால் வாகனங்களில் அடிபடுவதும் உண்டு. பக்கியின் கண் ஒளியைத் திருப்பி அனுப்புவதால், முகப்பு விளக்கில் அது செந்நிறமாக ஒளிரும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் உட்புறக் கிராமச் சாலைகளிலும் செல்லும் ஓட்டுநர்கள் தரையோடு ஒட்டிய அத்தகைய ஒளியைக் கண்டால் வேகத்தைக் குறைப்பது பறவையைக் காக்க உதவும்.