ஃபெர்மோரைட்

மாங்கனீசுத் தாதுவின் நடுவே பிறந்த அரிய ஆர்சனேட் கனிமம். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்துச் சீதாபர் சுரங்கத்தில் கிடைத்தது. பிரயரும் ஹெர்பர்ட் ஸ்மித்தும் 1910-இல் இதை விவரித்து, இந்திய மாங்கனீசுப் படிவுகளைப் பற்றி 1909-இல் பெருநூல் வெளியிட்ட நிலவியலாளர் லூயிஸ் லீ ஃபெர்மரின் பெயரைச் சூட்டினர்.

கையில் எடுத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். கரிய தாதுக்கட்டியின் குறுக்கே மெல்லிய நரம்பாக, வெளிர் இளஞ்சிவப்பு கலந்த வெண்ணிறத்தில் ஓடும். எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு உண்டு. கடினத்தன்மை 5, ஒப்படர்த்தி ஏறத்தாழ 3.5.

மாங்கனீசு இதன் இருப்பிடம்தான், உடல் வேறு. கால்சியமும் ஸ்ட்ரான்சியமும் ஆர்சனேட், பாஸ்பேட் தொகுதிகளோடு இணைந்து அமைந்தது இது. நம் எலும்பையும் பல்லையும் ஆக்கும் அபடைட் குடும்பத்தின் உறவு. தனிம அட்டவணையில் பாஸ்பரசுக்கு நேர் கீழே ஆர்சனிக் இருப்பதால், ஒன்றின் இடத்தில் மற்றொன்று எளிதாக அமர்ந்துகொள்கிறது. இந்த இடமாற்றத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இந்தியக் கனிமம் வேறொன்றைச் சொல்வது கடினம்.

முதலில் அறுகோணப் படிகம் என்று கருதப்பட்டது. 1991-இல் வெளிவந்த கட்டமைப்பு ஆய்வு, ஒற்றைச்சரிவு வகை என நிறுவியது. 2010-இல் அபடைட் குடும்பத்தின் பெயரிடல் சீரமைக்கப்பட்டபோது, இது ஜான்பாமைட் என்னும் கனிமத்தின் ஒற்றைச்சரிவு வடிவமாக வகைப்படுத்தப்பட்டு ஜான்பாமைட்-எம் ஆனது. வகைப்பாட்டின் தர்க்கம் சரியே. ஆயினும் சீதாபரையும் ஃபெர்மரையும் நினைவூட்டிய பெயர் போனது இழப்புதான்.