லாலாங் புல்லும் நம்ம ஜனங்களும்

மலேசியாவில் வேலை பார்க்கும் நம் கல்லூரி நண்பர்களுக்கு 'லாலாங்' என்றதும் 1987 அக்டோபரில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கைது செய்த 'ஓப்பராசி லாலாங்' ஞாபகம் வரலாம். களையெடுப்பு என்ற அர்த்தத்தில் போலீஸ் வைத்த பெயர் அது. அந்தக் களைக்கே ஒரு சரித்திரம் உண்டு. நான் படித்தது மெக்கானிக்கல் என்றாலும், அதைச் சொல்ல ஆசை.

லாலாங் ஒரு கோரமான புல். நம் ஊரிலும் இருக்கிறது. சில இடங்களில் இதையும் தர்ப்பை என்பார்கள். அதன் பலம் மண்ணுக்குள் ஓடும் கிழங்குத் தண்டு. நம்ம பாஷையில் பேட்டரி! மேலே வெட்டினாலும் கொளுத்தினாலும் மறுபடி கிளம்பிவிடும். கொத்தினால் ஒவ்வொரு துண்டும் தனிச் செடி. அதற்கு ஆகாதது ஒன்றே ஒன்று, நிழல்.

19-ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூர், ஜொகூர் காடுகளை அழித்துச் சீனர்கள் மிளகும் கம்பீரும் பயிரிட்டார்கள். மண் சத்து போனதும் அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். விட்டுப்போன நிலத்தை லாலாங் பிடித்துக்கொண்டது.

பிறகு ரப்பர் வந்தது. தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துக் கொண்டுபோனார்கள். தரையில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்பது அன்றைய துரைமார் கணக்கு. கூலி மலிவு, அதனால் கொத்திக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். அந்த ஊர் மழையில் வெறும் தரை என்ன ஆகும்? மேல்மண் அத்தனையும் ஓடையில் போனது.

1920-களிலும் 30-களிலும்தான் புத்தி வந்தது. பியூரேரியா, சென்ட்ரோசீமா, கலப்பகோனியம் என்ற பயறுவகைக் கொடிகளை மரங்களுக்கு இடையே படரவிட்டார்கள். மண் அரிப்பு நின்றது, நைட்ரஜன் கிடைத்தது, புதுப் புல்லுக்கு வெளிச்சமும் கிடைக்கவில்லை. ஐந்தாறு வருஷத்தில் ரப்பர் மரங்களே குடை பிடித்துவிடும். என்னைக் கேட்டால், இந்தக் கதையில் உருப்படியான இன்ஜினியரிங் இதுதான்.

ஆனால் கொடி படரும் முன் இருக்கிற லாலாங்கைக் கொன்றாக வேண்டுமே. அதற்கு சோடியம் ஆர்சனைட் தெளித்தார்கள். சுத்தமான பாஷாணம். மேய்ந்த மாடும் செத்தது, ஆளும் செத்தார்கள். 1960-களில் பாராகுவாட் வந்தது. இலை கருகும், கிழங்கு அப்படியே இருக்கும், திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். கிழங்குவரை இறங்கும் கிளைபோசேட் 1974-ல் விற்பனைக்கு வந்தது. முதலில் இறக்கிய இடங்களில் ஒன்று மலேசிய ரப்பர் தோட்டம். மிச்சம் மீதி முளைப்பதை மருந்தில் நனைத்த துணியால் ஒவ்வொரு தாளாகத் துடைப்பதும் உண்டு.

மருந்தடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுக்கு, அதிலும் தமிழ்ப் பெண்களுக்குத்தான் வந்து சேர்ந்தது. முதுகில் டின், பல இடங்களில் கையுறைகூட கிடையாது. நகம் உதிர்ந்தது, மூக்கில் ரத்தம் வந்தது என்று அவர்கள் சொன்னதைத் தெனாகானித்தா அமைப்பு 2002-ல் அறிக்கையாக்கியது. அதே வருஷம் அரசு பாராகுவாட்டை நிறுத்துவதாக அறிவித்தது. 2006-ல் தடையைத் தளர்த்தியது. முழுத்தடை வந்தது 2020 ஜனவரியில். அதற்குள் பழைய ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. அங்கே இருந்த நம் ஜனங்களில் பெரும்பாலோர் பட்டணம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.