கல், கயிறு, முதுகுத் தகடு: சுழியோடிகளின் ஒரு வரலாறு

வெள்ளவத்தையில் ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக் கற்களில் அமர்ந்து மேற்கே பார்ப்பவருக்குத் தெரிவது நீர்ப்பரப்பும், கொழும்புத் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கப்பல்களுமே. அந்த நீர்ப்பரப்புக்குக் கீழேயும் கப்பல்கள் உண்டு என்பதைப் பலர் அறியார். முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1917 பெப்ரவரியில், சரக்குக் கப்பலைப் போல வேடமிட்டு வந்த 'வுல்ஃப்' என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் கொழும்புக்கு வெளியே கடற்கண்ணிகளை இட்டுவிட்டு மறைந்தது. அம்மாதம் 17ஆம் திகதி 'வோர்செஸ்டர்ஷயர்', 21ஆம் திகதி 'பேர்சியஸ்' என இரண்டு பிரித்தானியக் கப்பல்கள் அக்கண்ணிகளில் சிக்கி மூழ்கின. துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனையின் பழைய குடும்பங்களிற்கூட இக்கதையை இன்று நினைவில் வைத்திருப்போர் அரிது.

இக்கப்பல்கள் கிடக்கும் ஆழம், பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கு விதிக்கப்பட்ட 40 மீற்றர் எல்லையைத் தொடுவதும் தாண்டுவதுமாகும். அங்கே இறங்குபவர் தமது முதுகில் சுமப்பது, ஆங்கிலத்தில் 'பக்பிளேட்' எனப்படும் ஓர் உலோகத் தகட்டையும், அதில் கோத்த ஒரே நீளமான நைலோன் வாரையும், அவற்றோடு பூட்டிய சிலிண்டர்களையுமாகும். பார்வைக்கு மிகச் சாதாரணமான பொருள். ஆயினும் அதன் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பெரும் பகுதி நம்முடையது.

சுழியோடிக்கு எக்காலத்திலும் வேண்டியவை மூன்று. கீழே கொண்டு செல்ல ஒரு பாரம். மேலே வருவதற்கு ஒரு வழி. ஆபத்து நேர்ந்தால் அதை அறிந்துகொள்ள இன்னொரு மனிதர். இம்மூன்றும் யாருடைய கையில் இருந்தன என்று பார்த்துக்கொண்டு வந்தாலே சுழியோடலின் வரலாறு விளங்கிவிடும்.

மன்னார்க் கடலில் முத்துக்குளித்தவரிடம் இருந்தது ஒரு கல். ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ள அக்கல்லில் கயிறு கட்டி, காலை நுழைக்க ஒரு வளையம் வைத்திருப்பார்கள். மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு, காலை வளையத்தில் ஊன்றி, ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்துக்கு ஒரே இறக்கமாக இறங்குவார். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார். படகில் இருப்பவர் அதை உடனே மேலே இழுத்துக்கொள்வார். ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்தில் சிப்பிகளை வலைப்பையில் வாரிப் போட்டுக்கொண்டு கயிற்றை அசைத்தால், கயிறு பிடித்திருப்பவர் மேலே தூக்குவார். பாரம் கல்லில் இருந்தது. வழி கயிற்றில் இருந்தது. உயிர் கயிறு பிடித்தவரின் கவனத்தில் இருந்தது. இதற்கு மேலாக, சுறாக்களின் வாயைக் கட்டுவதற்கென்று மந்திரம் சொல்லும் 'கடல்கட்டி' ஒருவரும் இருந்தார். அவர் இல்லாமல் சுழியோடிகள் கடலில் இறங்க மறுத்ததால் பிரித்தானிய ஆட்சியும் அவரை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 13ஆம் நூற்றாண்டில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோவும், மீன்களைக் கட்டும் மந்திரக்காரருக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாக எழுதியிருக்கிறார்.

அக்காலக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்புகளில், எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. எஞ்சிய ஒரு பங்கே உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு. 1906ஆம் ஆண்டுக் குளிப்பில் இளம் அதிகாரியாகக் கடமையாற்றிய லெனார்ட் வூல்ஃப், தமிழரும் அரேபியரும் அங்கே கூடிச் சுழியோடிய காட்சியைத் தமது எழுத்துகளில் பதிந்திருக்கிறார். அதே ஆண்டில் முத்துப் படுக்கைகள் 20 ஆண்டுக் குத்தகைக்குக் கம்பெனி ஒன்றிடம் கொடுக்கப்பட்டன. சிறிது காலத்திலேயே படுக்கைகள் வெறுமையாகின. கல்லும் கயிறும் அறிந்த தலைமுறை சங்கு குளிப்புக்கும் வேறு தொழில்களுக்கும் சென்றது.

1943இல் பிரான்சில் ஷாக் கூஸ்தோவும் எமில் காஞானும், சுழியோடி மூச்சை இழுக்கும்போது மட்டும் வேண்டிய அளவு காற்றைத் தரும் கருவியை ஆக்கினர். கயிறு பிடிப்பவர் இன்றியே மனிதர் நீருக்கடியில் உலவ வழி பிறந்தது. அக்கருவி நமது கடலில் புகழ்பெற்றது, 1956இல் இலங்கைக்கு வந்து கொழும்பையே தமது ஊராக்கிக்கொண்ட எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்காலும் அவரது நண்பர் மைக் வில்சனாலும் ஆகும். இவர்களுடன் சேர்ந்து சுழியோடியவர் ரொட்னி ஜொங்க்ளாஸ் என்ற இலங்கையர். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட திருக்கோணேசுவரத்தின் தூண்களையும் செதுக்கு வேலைப்பாடுள்ள கற்களையும் திருகோணமலைச் சுவாமி மலையடியில் அவர்கள் கண்டமை, நம்மவர் நினைவில் நிலைத்துவிட்ட செய்தி. வில்சன் பின்னாளில் துறவு பூண்டு சுவாமி சிவகல்கி எனப் பெயர் பெற்று இந்நாட்டிலேயே வாழ்ந்தார்.

1961இல் தெற்கே கிரேட் பாசஸ் கலங்கரை விளக்கத்தை அண்டிய பாறைத் தொடரில், வில்சன் ஒரு பழைய கப்பலின் எச்சங்களைக் கண்டார். அதிலிருந்து மீட்ட வெள்ளி ரூபாய்கள் மொகலாய மன்னர் ஔரங்கசீப் காலத்தில், சூரத் நாணயச்சாலையில், ஹிஜ்ரி 1113இல், அதாவது 1702ஆம் ஆண்டளவில் அச்சிடப்பட்டவை. அலை ஓயாத அக்கடலில் அவர்கள் சுழியோடியபோது முதுகில் இருந்தது, சிலிண்டரைச் சில வார்களால் உடலோடு பிணைத்த எளிய அமைப்பேயாகும். இடுப்பில் ஈயக்கட்டிகள் கோத்த பட்டி இருந்தது. மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுப்பை அக்காலத்தில் வழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. மன்னார்க் கல் ஈயக்கட்டியாக மாறியிருந்தது. கயிற்றின் இடத்தை நீச்சற்காரரின் கால்கள் எடுத்துக்கொண்டிருந்தன.

பின்னர் காற்றுப்பை வந்தது. அது மார்பில் தொங்கும் பையாகத் தொடங்கி, உடுத்திக்கொள்ளும் சட்டையாக வளர்ந்தது. உல்லாசப் பயணிகளுக்கு அது வசதி. ஆனால் இரட்டைச் சிலிண்டர்களுடன் குகைக்குள் செல்பவருக்கு அது போதவில்லை. 1979இல் அமெரிக்காவின் வட புளோரிடாக் குகைச் சுழியோடிகளுக்காக கிரெக் ஃபிளனகன் என்பவர் உலோகத் தகடும் வாரும் கொண்ட அமைப்பை உருவாக்கினார். வில்லியம் ஹோகார்த் மெயின் அதனை மேலும் எளிமையாக்கினார். தேவையற்ற எதுவும் உடலில் இருக்கலாகாது என்பதே அவரது கொள்கை.

அந்த அமைப்பைப் பூட்டும் முறையிலேயே அதன் தத்துவம் தெரியும். இரண்டு அங்குல அகல வார் ஒன்றே தகட்டின் துளைகளினூடாக ஓடி, இரு தோள்களையும் சுற்றி, இடுப்பில் வந்து ஒரு கொக்கியில் முடிகிறது. இடையில் பிளாஸ்ரிக் கொளுவிகள் இல்லை. உடைவதற்கு ஒன்றும் இல்லை. தோள் வார் இறுக்கமாக இருத்தல் கூடாது. உள்ளே கையை நுழைக்க இடம் வேண்டும்; இல்லையேல் அணிவதும் கழற்றுவதும் துன்பம். இரு தோள்களிலும் இரண்டு, இடது இடுப்பில் ஒன்று என உலோக வளையங்கள் வரும். தோள் வளையங்களைக் கை எளிதில் எட்டும் உயரத்தில் நிறுத்த வேண்டும். கால்களுக்கிடையே வரும் வார் இடுப்புப் பட்டியில் கோக்கப்படுகிறது. தகடு கழுத்தை நோக்கி ஏறாமல் தடுப்பது அதுவே. தகட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையே காற்றுப்பை அமர்கிறது. முதல் நாளில் கண்ணாடி முன் நின்று பூட்டியது போதாது. நீரில் இறங்கிப் பார்த்துத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டும்.

இங்கே நம் கடலுக்குரிய ஒரு கணக்கு உண்டு. துருப்பிடிக்காத உருக்குத் தகடு ஏறத்தாழ மூன்று கிலோ வரும். அலுமினியத் தகடு அதைவிட மிக இலேசானது. குளிர்நாட்டில் தடித்த உடையின் மிதப்பை அடக்க உருக்கு வேண்டும். நமது வெந்நீர்க் கடலிலோ மெல்லிய உடையே போதும். கனமான உருக்குச் சிலிண்டர்களோடு உருக்குத் தகட்டையும் பூட்டிக்கொண்டால் பாரம் மிஞ்சிவிடும். மன்னார்ச் சுழியோடி அடியைத் தொட்டதும் தன் கல்லைக் கைவிட்டார். தகட்டை அவ்விதம் கைவிட முடியாது. காற்றுப்பை கிழிந்துவிட்டால் நீந்தி மேலே வரக்கூடிய அளவுக்குத்தான் பாரம் ஏற்ற வேண்டும் என்பது அடிப்படை விதி.

இவ்வாறு பாரம், வழி, காவல் மூன்றும் சுழியோடியின் முதுகுக்கே வந்துவிட்டன. கயிறு பிடிப்பவர் மறைந்தார். ஆயினும் அவரை அடியோடு நீக்க இயலாது என்பதைக் குகைச் சுழியோடிகள் அறிந்திருந்தனர். அதனால்தான் கூட வருபவருக்குக் கொடுப்பதற்கென்றே நீண்ட குழாயுடன் இன்னொரு மூச்சுக்கருவியை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். பழைய கயிறு இங்கே காற்றுக் குழாயாக உருமாறியது எனலாம்.

நமது கரையோரத்தில் நடந்தது வேறு. மன்னாரிலும் வடக்கு, கிழக்கின் ஏனைய கரைகளிலும் கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டருடன் இறங்கும் இளைஞர்களிடம் கருவி வந்து சேர்ந்தது; அதனோடு வர வேண்டிய அறிவு எல்லோரிடமும் வந்து சேரவில்லை. ஒரு மூச்சில் இறங்கி ஏறிய முன்னோர் பெரும்பாலும் அறியாத நோய் ஒன்று சிலிண்டரோடு வந்தது. அழுத்தத்தில் சுவாசித்த காற்றின் நைதரசன் உடலில் கரைகிறது. ஒரே நாளில் பல சிலிண்டர்களைத் தீர்த்துவிட்டு விரைந்து மேலே வருபவரின் இரத்தத்திலும் நரம்பிலும் அது குமிழியாகிறது. மூட்டுவலியில் தொடங்கி, பாரிசவாதத்திலும் மரணத்திலும் முடியக்கூடும். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எப்படிப் படிப்படியாக மேலே வர வேண்டும் என்ற அட்டவணையை பிரித்தானிய விஞ்ஞானி ஜே. எஸ். ஹோல்டேன் 1908இலேயே வெளியிட்டுவிட்டார். நூறாண்டுக்கு முந்திய அந்த அறிவு, சிலிண்டர் வந்த படகிலேயே வந்திருக்க வேண்டியது.

உருக்குத் தகடு விலை கூடியது. அது எல்லோருக்கும் வேண்டியதுமன்று. அதை ஆக்கியவர்களின் ஒழுங்கோ பணம் கேட்பதில்லை. இறங்குமுன் வாரைச் சரிபார்த்தல், தனியே இறங்காதிருத்தல், ஆழத்தையும் நேரத்தையும் ஒருவர் மேலே குறித்துக்கொண்டிருத்தல், மெதுவாக ஏறுதல் ஆகியவற்றுக்கு வேண்டியது ஒரு கைக்கடிகாரமும், தமிழில் அச்சிட்ட ஓர் அட்டவணையும், படகில் விழித்திருக்கும் ஒரு மனிதருமே. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நினைத்தால் ஒரு பருவத்துக்குள் செய்யக்கூடிய காரியம் இது. மரிச்சுக்கட்டியில் கயிற்றைப் பிடித்து நின்ற அந்தப் பெயர் தெரியாத தொழிலாளியின் வேலை இன்னும் வெற்றிடமாகவே இருக்கிறது. அதற்கு ஆள் வேண்டும்.