ஹாக்கிப் பயிற்றுநர் - ஆட்டக்காரர் தொடர்பாடல்

ஹாக்கிப் பயிற்றுநர் - ஆட்டக்காரர் தொடர்பாடல் என்பது வளைதடிப் பந்தாட்டத்தில் (ஹாக்கி) பயிற்றுநர் ஒருவர் தம் அணியினருக்கு ஆட்டத் திட்டத்தையும், திருத்தங்களையும், ஊக்கத்தையும் தெரிவிக்கும் முறைகளைக் குறிக்கும். ஆட்டக்காரர்கள் தாம் களத்தில் கண்டதைப் பயிற்றுநரிடம் எடுத்துரைப்பதும் இதில் அடங்கும். ஆட்டம் நடக்கும்போது பயிற்றுநர் களத்தினுள் நுழைய இயலாது. ஆகவே அவர் சொல்ல வேண்டியவற்றில் பெரும்பகுதி ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே சொல்லப்பட்டிருக்க வேண்டும். இந்திய அணியில் பல மாநிலத்தவரும் பல மொழியினரும் இடம்பெறுவதாலும், அண்மைக் காலத்தில் வெளிநாட்டுப் பயிற்றுநர்கள் பலர் பணியாற்றியுள்ளதாலும், இத்தொடர்பாடல் இங்கு தனிக் கவனம் பெறுகிறது.

ஆட்ட விதிகளும் பேச்சும்

பன்னாட்டு ஹாக்கி ஆட்டம் முன்பு தலா 35 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளாக ஆடப்பட்டது. பயிற்றுநர் அணி முழுவதையும் ஒன்றாகக் கூட்டிப் பேச ஒரே ஓர் இடைவேளைதான் இருந்தது. 2014 ஆம் ஆண்டு முதல் பன்னாட்டுப் போட்டிகளில் தலா 15 நிமிடங்கள் கொண்ட நான்கு கால் பகுதிகள் நடைமுறைக்கு வந்தன. இதனால் பேசும் வாய்ப்பு மூன்றாக உயர்ந்தது. ஆயினும் முதல், மூன்றாம் கால் பகுதிகளுக்குப் பின் கிடைப்பது இரண்டு நிமிடங்களே. அதற்குள் ஆட்டக்காரர்கள் நீர் அருந்தி, மூச்சு வாங்கி, சொல்வதையும் கேட்க வேண்டும். எனவே இந்நேரத்தில் ஓரிரு குறிப்புகளை மட்டும் கூறுவதே பயன் தரும்.

ஹாக்கியில் ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஆட்டம் நிற்காமலேயே ஒருவர் வெளியேறியதும் மற்றவர் உள்ளே செல்வார். வெளியே வரும் ஆட்டக்காரர் சில நிமிடங்கள் பயிற்றுநரின் அருகில் அமர்ந்திருப்பார். தனிப்பட்ட திருத்தங்கள் பெரும்பாலும் இந்த இருக்கையில்தான் சொல்லப்படுகின்றன. அவர் மீண்டும் களம் இறங்கும்போது பயிற்றுநரின் செய்தியைப் பிறருக்கும் கொண்டு செல்கிறார்.

பெனால்டி கார்னர் வாய்ப்பின்போது எவ்வகை அடியைக் கையாள்வது என்பதை, தாக்கும் அணியினர் முன்னரே பயின்ற கை அடையாளங்களாலோ குறிச்சொற்களாலோ தமக்குள் தெரிவித்துக்கொள்வர். தற்காக்கும் அணியில் கோல்காப்பாளரே இடைவிடாது பேசுபவர். களம் முழுவதும் அவர் பார்வைக்கு எதிரே இருப்பதால், முன்னால் நிற்பவர்களை இடம் மாற்றி நிறுத்துவது அவர் பொறுப்பாகிறது.

இரு ஒலிம்பிக் ஆட்டங்கள்

2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இந்திய அணியின் பயிற்றுநராக இருந்தவர் சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். இவர் 1980 ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில், இறுதியாட்டத்தில் எசுப்பானியாவை 4-3 என வென்று தங்கப் பதக்கம் பெற்ற அணியின் தலைவர். சிட்னியில் அரையிறுதிக்குச் செல்ல, போலந்தை இந்தியா வெல்ல வேண்டியிருந்தது. 1-0 என முன்னிலையில் இருந்த இந்தியாவுக்கு எதிராக, ஆட்டம் முடியும் தறுவாயில் போலந்து ஒரு கோல் அடித்துச் சமன் செய்தது. இந்தியா அரையிறுதி வாய்ப்பை இழந்து ஏழாம் இடம் பெற்றது. கூடைப்பந்தாட்டத்தில் இருப்பதுபோல, இத்தகைய நெருக்கடியில் ஆட்டத்தை நிறுத்தி அணியினரிடம் பேசும் உரிமை அங்கு பயிற்றுநருக்கு இல்லை.

2024 ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி இதற்கு மாறான எடுத்துக்காட்டு. பிரித்தானியாவுக்கு எதிரான அவ்வாட்டத்தின் 17 ஆவது நிமிடத்தில் அமித் ரோகிதாசு சிவப்பு அட்டை பெற்று வெளியேற்றப்பட்டார். எஞ்சிய நேரம் முழுவதும் இந்தியா பத்துப் பேருடன் ஆடியது. ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்து, சூட்-அவுட்டில் இந்தியா 4-2 என வென்றது. அப்போது பயிற்றுநர் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கிரெய்க் ஃபுல்ட்டன். ஒருவர் குறைந்தவுடன் யார் எந்த இடத்தை நிரப்புவது என்பது ஆட்டத்தின் ஓட்டத்திலேயே தீர்மானிக்கப்பட வேண்டியது. பயிற்சிக் காலத்தில் உருவான பொதுப் புரிதலே அந்நேரத்தில் துணை செய்கிறது.

மொழி

2004 ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கிற்குச் சில வாரங்களே இருந்தபோது செருமானியரான கெர்கார்டு ராக் இந்திய ஆடவர் அணியின் பயிற்றுநராக்கப்பட்டார். பின்னர் எசுப்பானியா, ஆஸ்திரேலியா, நெதர்லாந்து முதலிய நாடுகளின் பயிற்றுநர்களும் பொறுப்பேற்றனர். அணியிலோ பஞ்சாப், அரியானா, ஒடிசா, சார்க்கண்டு, மணிப்பூர், தமிழ்நாடு எனப் பல மாநிலத்தவர் இருப்பர். பயிற்றுநர் ஆங்கிலத்தில் கூறுவதை, உதவிப் பயிற்றுநரோ மூத்த ஆட்டக்காரரோ இந்தியிலோ பஞ்சாபியிலோ விளக்க வேண்டிய நிலை எழுகிறது. தமிழ் மட்டும் அறிந்து வரும் இளைஞருக்கு இவ்விரண்டுமே புது மொழிகள். அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம், கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீசுவரன் சக்திவேல் போன்றோர் தமிழ்நாட்டிலிருந்து தேசிய அணிக்குச் சென்றவர்கள்.

மொழி இடர்ப்பாட்டைக் குறைக்கப் பொதுவாகக் கையாளப்படும் வழிகள்:

1. பலகையில் காந்த வில்லைகளை நகர்த்தி ஆட்ட அமைப்பை விளக்குதல்.
2. முந்தைய ஆட்டங்களின் ஒளிப்பதிவைச் சிறு துண்டுகளாக்கிக் காட்டுதல்.
3. டிரிபிள், டேக்கிள், டிராப் போன்ற, எல்லா மாநிலத்தவரும் அறிந்த ஆட்டச் சொற்களைக் கொண்டே பேசுதல்.
4. கேட்டதை ஆட்டக்காரரே தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்தல்.

இவற்றுள் நான்காவது வழி முதன்மையானது. இளம் ஆட்டக்காரர் பலர் புரியாதபோதும் மரியாதை கருதித் தலையசைப்பது உண்டு. புரிந்ததா என்று வினவுவதைவிட, என்ன புரிந்தது என்று வினவுவதே பயிற்றுநருக்கு உண்மை நிலையைக் காட்டும்.

தோல்விக்குப் பின்

தோல்விக்குப் பிறகு பயிற்றுநர் பேசும் முறை அடுத்த ஆட்டத்தைப் பாதிக்கிறது. 2021 ஆம் ஆண்டு நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய மகளிர் அணி முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. பின்னர் அயர்லாந்தையும் தென்னாப்பிரிக்காவையும் வென்று, காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1-0 என வீழ்த்தி, முதன்முறையாக ஒலிம்பிக் அரையிறுதிக்குச் சென்றது. நிகழ்கணத்தில் வாழ்வதைப் பற்றிய திரைப்படம் ஒன்றை அணியினருக்குக் காட்டியதாகப் பயிற்றுநர் சுயர்டு மாரின் பின்னர் தெரிவித்தார். அதே போட்டியில் ஆஸ்திரேலியாவிடம் 1-7 எனத் தோற்ற ஆடவர் அணி, கிரகாம் ரீடின் பயிற்சியில் மீண்டெழுந்து, செருமனியை 5-4 என வென்று வெண்கலம் பெற்றது.

2025 ஆம் ஆண்டு நவம்பர், திசம்பர் மாதங்களில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த இளையோர் ஆடவர் உலகக் கோப்பையில், இந்திய அணி அரையிறுதியில் செருமனியிடம் 1-5 எனத் தோற்றது. முன்னாள் கோல்காப்பாளர் பி. ஆர். சிறீசேசு அவ்வணியின் பயிற்றுநர். வெண்கலப் பதக்கத்திற்கான ஆட்டத்தில் அர்கெந்தீனாவிடம் 0-2 எனப் பின்தங்கியிருந்த அணி, கடைசி இரண்டு நிமிட இடைவேளைக்குப் பிந்தைய கால் பகுதியில் நான்கு கோல்கள் அடித்து 4-2 என வென்றது.